எதிரியின் மெடலில் வாழும் திப்பு சுல்தான்: யார் கழுத்தில் தங்கம், யாருக்கு வெள்ளீயம்?

ஓசூர், கிருஷ்ணகிரியில் வேலை பார்ப்பவர்கள் வீக்கெண்டில் திருவண்ணாமலைக்கு வண்டியை விட்டால், ஊத்தங்கரைக்கு அப்புறம் சிங்காரப்பேட்டை வரும். அதைத் தாண்டினால் செங்கம் கணவாய். 1780 ஜூலையில் ஹைதர் அலியின் பெரும்படை ஆற்காடு சமவெளிக்கு இறங்கியது இந்த வழியாகத்தான். அப்போது அவருடைய மகன் திப்புவுக்கு வயது 29.

யார் இந்தத் திப்பு?

1750-ல் தேவனஹள்ளியில் பிறந்தவர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் தோற்கடித்தார். 1782-ல் ஹைதர் இறந்ததும் மைசூரின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. புலிதான் அவருடைய அடையாளம். சிம்மாசனம், சிப்பாய்களின் உடை, ஆயுதம் என எல்லாவற்றிலும் புலி இருந்தது.

மெடல் எப்படி வந்தது?

போருக்குப் போனவர்களுக்கு மெடல் தரும் வழக்கத்தை கிழக்கிந்திய கம்பெனி தொடங்கியது இந்தக் காலத்தில்தான். 1790-92 போருக்காக இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த மெடலில், பீரங்கி மேல் கால் வைத்து ஒரு சிப்பாய் நிற்பார். அந்தப் போரில் திப்பு பாதி ராஜ்ஜியத்தை இழந்தார். கிருஷ்ணகிரி, தருமபுரி அடங்கிய பாராமகால் கம்பெனி வசம் போனது. அவருடைய மகன்கள் இருவர் பிணையாகப் பிடித்து வைக்கப்பட்டனர்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு சண்டையிலேயே உயிர்விட்டார். அந்த வெற்றிக்காக இங்கிலாந்தின் சோஹோ நாணயச்சாலையில் வார்த்த மெடலில், ஒரு சிங்கம் புலியை வீழ்த்துகிறது. கீழே அதே மே 4 தேதி. உயர் அதிகாரிக்குத் தங்கம், அடுத்தடுத்த பதவிகளுக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, வெள்ளி, வெண்கலம். சாதாரண சிப்பாய்க்கு வெள்ளீயம்.

சேகரிப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பைப் பார்த்தால் வாங்கியவரின் பெயரும் ரெஜிமென்ட்டும் இருக்கும். ஸ்ரீரங்கப்பட்டண மெடலைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். உலோகத்தை வைத்துப் பதவியை ஊகிக்கலாம், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் ஏராளம். 2023-ல் திப்புவின் வாள் லண்டன் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் விலைபோனது. தோற்ற மன்னர் பெயரும் புலியுமாக வரலாற்றில் நின்றுவிட்டார். ஜெயித்த பக்கத்தில் சண்டை போட்ட சிப்பாய்க்கு மிஞ்சியது பெயரில்லாத ஒரு வெள்ளீயத் துண்டு.