ஆலைத் தொழிலாளரும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதையாக நாம் அனைவரும் அறிவோம். தொழிலாளர் தலைவராக அவர் ஆற்றிய பணியை அறிந்தோர் சிலரே. வெள்ளாற்றங்கரையை விட்டு அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கும் வேலை தேடிச் செல்லும் லப்பைக்குடிக்காட்டுப் பகுதி இளைஞர்கள் அப்பணியை அவசியம் அறிதல் வேண்டும்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இராணுவச் சுபேதார் இராம்ஜியின் கடைசி மகனாக அவர் பிறந்தார். பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913இல் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். பின்னர் இலண்டனிலும் பயின்று உயர் பட்டங்கள் பெற்றார். தாயகம் திரும்பிய பின்னரும் பம்பாய்ப் பரேல் பகுதியில், ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலேயே பல்லாண்டுகள் வாழ்ந்தார்.

அந்நாளில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் தாழ்த்தப்பட்டோர் நூற்புப் பகுதியில் வேலை செய்யலாம். கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் நுழைய இயலாது. தறியின் நாடாவில் புதிய தார் பொருத்தும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம்மவர் வாய்பட்ட நாடாவைத் தொட்டால் தீட்டு என்று உடன் உழைத்த தொழிலாளர்களே தடுத்தனர். ஒரே சங்கத்தின் கொடியின் கீழ் நின்றவர்களுக்கிடையே இத்தகைய சுவர் எழுந்திருந்தது!

1928இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் மாபெரும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நெசவுப் பகுதியை எல்லோருக்கும் திறந்துவிடும் கோரிக்கையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என அண்ணல் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயக்கத்தோடு இசைந்தனர். ஆலை அதிபர்களோ, அக்கொடுமைக்குத் தாங்கள் பொறுப்பல்லர் என்று கைகழுவினர்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் பல தொழிற்சங்கங்கள் கறுப்பின மக்களுக்குக் கதவடைத்தன. ஆகவே, இரயில் தூங்கும் பெட்டிகளில் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1925இல் பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் தனிச் சங்கம் கண்டனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் புல்மன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தனர்.

அதே காலத்தில், 1936இல், அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், சமத்துவத்தை மறுக்கும் பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரு பகைகள் என விளக்கினார். சங்கத்துக்குள் நீதி கேட்ட அவர், சங்க உரிமைக்கே இடர் வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை. வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, 1938 நவம்பர் 7ஆம் நாள் பம்பாயில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பொதுவுடைமைக் கட்சியினரோடு சேர்ந்து நடத்தினார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் ஏற்க வேண்டும் என்ற மசோதாவை 1943இல் கொண்டுவந்தார். ஆண்டு முழுதும் இயங்கும் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணியாக இருந்த வேலை நேர வரம்பு, 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் 48 மணியாகக் குறைந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய குறைந்தபட்சக் கூலி மசோதா, 1948இல் சட்டமாயிற்று. 1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் அவர் மறைந்தார்.

இளைஞர்களே! வேலைக்குச் செல்லும் இடத்தில் சங்கம் இருப்பின் அதில் சேருங்கள். கணக்கையும் சட்டத்தையும் கற்று, அதன் பொறுப்புகளுக்கும் உரிமை கோருங்கள். உள்ளே வேற்றுமை கண்டால் வெளியேறிவிடாதீர்கள், வாய்மூடியும் இராதீர்கள். அண்ணல் காட்டிய வழி அதுவே.