சைக்ளோன் என்று பேர் வைத்தவர்



இந்த மாத சுவர்ப் பத்திரிகையில் ஹென்றி பிடிங்டன் என்பவரைப் பற்றி எழுதுகிறேன். புயலை ஆங்கிலத்தில் சைக்ளோன் என்கிறோம் அல்லவா? அந்த வார்த்தையை உண்டாக்கியவர் இவர்தான். நம்ம வங்கக்கடல் புயல்களை ஆராய்ச்சி செய்தவர்.

பிடிங்டன் 1797-ல் இங்கிலாந்தில் பிறந்தார். வியாபாரக் கப்பலில் மாலுமியாக இருந்து கேப்டன் ஆனார். பிறகு கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். அங்கே கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கோர்ட்டுக்குத் தலைவராக இருந்தார். வில்லியம் ரீடு என்பவர் 1838-ல் புயலைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்ததும் இவருக்கும் அதில் ஆசை வந்துவிட்டது.

அப்போது சாட்டிலைட் கிடையாது, ரேடியோ கிடையாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? புயலில் மாட்டித் தப்பி வந்த கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேர்த்தார். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று அதில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் குறித்தால் காற்று வட்டமாகச் சுற்றுவது தெரிந்தது. 1845-ல் மொரீஷியஸ் பக்கம் சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் காற்று போன போக்கில் ஓடி, நாள்கணக்கில் புயலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்ததாம்! அதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

1848-ல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் போட்டார். அதில்தான் சைக்ளோன் என்று எழுதினார். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. புத்தகத்தோடு கொம்பில் செய்த, ஊடே பார்த்தால் தெரிகிற அட்டையும் உண்டு. அதை மேப் மேல் வைத்தால் புயலின் நடு எந்தப் பக்கம் என்று மாலுமிக்குத் தெரிந்துவிடும்.

புயல் ஏன் சுற்றுகிறது என்று இப்போது நமக்குத் தெரியும். கடல் தண்ணீர் 26, 27 டிகிரிக்கு மேல் சூடானால் நிறைய நீராவி மேலே போகும். அது மேகமாகும்போது வெப்பத்தை விடும். அதனால் காற்று இன்னும் மேலே ஏறும், கீழே அழுத்தம் குறையும். அந்த இடத்தை நிரப்ப நாலு பக்கமும் காற்று ஓடி வரும். பூமி சுற்றுவதால் அது நேராக வராமல் வளையும். நம்ம பக்கம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். நடுவில் மட்டும் அமைதியாக இருக்கும். அதுதான் புயலின் கண்.

பிடிங்டன் வாழ்க்கையில் ஒரு வருத்தமான விஷயம் உண்டு. சுந்தரவனக் காட்டுப் பக்கம், மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட யோசித்தார்கள். புயல் வந்தால் கடல் பொங்கி அந்த இடத்தை அடித்துப் போய்விடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு அச்சிட்ட கடிதமே எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1858-ல் அவர் இறந்துபோனார். கானிங் என்ற பேரில் துறைமுகம் வந்தது. 1867 நவம்பரில் புயல் அடித்து, கடல் உள்ளே புகுந்து நாசமாக்கியது. சில வருடத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்க அப்பாயி ஞாபகம்தான் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது நான் ரெண்டாம் வகுப்பு. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டே போனார்கள். நானும் அம்மாவும் முகாமுக்குப் போய்விட்டோம். மாட்டை விட்டுட்டு வரமாட்டேன்னு அப்பாயி வீட்டிலேயே இருந்துட்டாங்க. அவங்களை விட்டு வர முடியாமல் அப்பாவும் இருந்தார். ராத்திரி காற்று பேயாக அடித்து, திடீரென்று நின்றுபோச்சாம். புயல் போயிடுச்சுன்னு நினைச்சு அப்பாயி மாட்டை அவிழ்க்க வெளியே போனாங்க. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கமிருந்து காற்று வந்து, கொட்டகை அவங்க மேலேயே சாய்ந்தது. கால் ஒடிஞ்சுபோச்சு. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாங்க.

காற்று நின்றது புயலின் கண் என்று அன்றைக்கு எங்க வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. 170 வருஷம் முன்பே பிடிங்டன் எழுதி வைத்த விஷயம்!

அதனால் நண்பர்களே, இதை வீட்டில் போய்ச் சொல்லுங்கள். துறைமுகத்தில் எத்தனாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆடு மாட்டை முதல் நாளே மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். டார்ச், குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு, போகச் சொன்னதும் முகாமுக்குப் போய்விடுங்கள். காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள். புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன பிறகு வாருங்கள்.

அடுத்த புயலுக்கு எங்க அப்பாயியை நானே கையைப் பிடித்து அழைத்துப் போவேன். மாட்டையும்தான்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி