காவலூர் தந்த வானியலார் வைணு பாப்பு

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலைமேல் ஏறுவோர், காவலூரில் காட்டு மரங்களுக்கிடையே உயர்ந்து நிற்கும் குவிமாடங்களைக் காண்பர். நம் மாணவர் பலருக்கு அது சுற்றுலாத் தலமாக மட்டுமே அறிமுகம். அதனை உருவாக்கியவர் மணலி கல்லாட் வைணு பாப்பு.

1927 ஆகஸ்டு 10 ஆம் நாள் சென்னையில் பிறந்த பாப்புவின் இளமை ஹைதராபாத்தில் கழிந்தது. நவாப் ஜாபர் ஜங் என்னும் செல்வந்தர் வானியல் ஆர்வத்தால் நிறுவிய நிஜாமியா வானாய்வகத்தில் தந்தையார் பணியாற்றினார். மைந்தர் தொலைநோக்கியின் நிழலிலேயே வளர்ந்தார் எனலாம். நிஜாம் கல்லூரியில் பயின்று, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையால் ஹார்வர்டு சென்றவர், 1949 இல் புதியதொரு வால்மீனைக் கண்டறிந்தார். அது பாப்பு, பாக், நியூகிர்க் ஆகிய மூவர் பெயரால் வழங்குகிறது. பின்னர் ஓலின் வில்சனுடன் இணைந்து, விண்மீன் ஒளிமாலையில் தோன்றும் கால்சியக் கோட்டின் அகலத்திற்கும் அவ்விண்மீனின் உண்மை ஒளிர்வுக்கும் உள்ள தொடர்பை 1957 இல் நிறுவினார்.

அமெரிக்காவில் இருந்திருப்பின் வசதியும் புகழும் தேடி வந்திருக்கும். அவரோ தாயகம் திரும்பினார். நைனிதாலில் பணியாற்றிப் பின் 1960 இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். அங்கு மேகமூட்டம் மிகுதி; இரவு வானை ஆராய வேறிடம் வேண்டியிருந்தது. நகர விளக்கொளி எட்டாததும், நிலநடுக்கோட்டிற்கு அணித்தாதலின் வடவானையும் தென்வானையும் ஒருங்கே காண ஏற்றதுமான காவலூரைத் தேர்ந்தார். 1968 இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்குப் பணி தொடங்கிற்று. 1972 இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சு 10 இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்டபோது காவலூரும் அதற்குச் சான்று பகர்ந்தது.

1980 இல் நிலவியலையும் வானியலையும் பிணைத்த செய்தியொன்று வெளியாயிற்று. இத்தாலியின் குப்பியோ நகருக்கருகே, படிவுப்பாறை அடுக்குகளுக்கிடையே ஒரு செ.மீ. அளவேயான களிமண் ஏட்டில், புவியோட்டில் மிக அரிதான இரிடியம் ஏறத்தாழ முப்பது மடங்கு மிகுந்திருந்ததை லூயி அல்வாரெசும் அவர் மகன் வால்ட்டரும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் 10 கி.மீ. அகலமுள்ள சிறுகோள் மோதியதன் சுவடு அது என்பது அவர்தம் முடிபு. மெக்சிகோவில் புதையுண்ட சிக்சுலுப் பள்ளம் பின்னர் அதனை வலுப்படுத்திற்று. நம் நாட்டில் மேகாலயப் படிவுகளிலும் கட்சின் அஞ்சாரிலும் இரிடியம் மிகுந்த அடுக்குகள் கண்டறியப்பட்டுள்ளன. சவ்வாது மலையோ மிகத் தொன்மையான கடினப் பாறை. அதில் அத்தகைய ஏட்டைத் தேடிப் பயனில்லை. பாப்பு அவ்வாய்வில் ஈடுபட்டவர் அல்லர். ஆயினும் பாறை காட்டும் மோதலுக்குக் காரணமான சிறுகோள்களை வானில் தேடுவதற்கு அவர் அமைத்த காவலூரே பின்னர் இடமாயிற்று.

அக்காலத்தில் அவர் உள்ளமெல்லாம் 2.34 மீட்டர் தொலைநோக்கியிலேயே இருந்தது. அதனை விலைக்கு வாங்காமல் இந்தியப் பொறியாளரைக் கொண்டே இயற்ற முனைந்தார். அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பும் 1979 இல் வந்து சேர்ந்தது. ஆனால் தொலைநோக்கி முற்றுப்பெறுமுன், 1982 ஆகஸ்டு 19 இல், மியூனிக் நகரில் இதய அறுவைக்குப்பின் காலமானார். அகவை ஐம்பத்தைந்தே! 1986 சனவரி 6 இல் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்திற்கும் அவர் பெயரைச் சூட்டினார்.

1988 பிப்ரவரி 17 இல் காவலூரில் இராஜமோகன் புதிய சிறுகோள் ஒன்றைக் கண்டார். கணிதமேதை இராமானுஜனின் பெயர் பெற்ற அதன் எண் 4130. பாப்புவின் பெயரைத் தாங்கிய சிறுகோளும் உண்டு; அதன் எண் 2596.