நாடகத் தமிழ் வளர்த்த சங்கரதாஸ் சுவாமிகள்

திறந்த வெளித் திடலில், மணலில் அமர்ந்து, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ கண்டு களித்த முதியோர் தென் தமிழகத்து ஊர்களில் பலர் உளர். எழுத்தறியாதவர்களும் விருத்தத்தையும் வெண்பாவையும் செவியால் நுகர்ந்த திடல் அது. அப்பேற்றை நல்கியவர்களுள் தலையாயவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றிய பின், 24-ஆம் வயதில் நாடக மேடை ஏறினார். இரணியன், இராவணன், எமன் முதலிய வேடங்கள் அவருக்குப் புகழ் தேடித் தந்தன.

அந்நாளில் கூத்தாடி என்பது இழிசொல்லாகவே வழங்கிற்று. மேடையில் மனம் போனவாறு பேசும் வழக்கமும் இருந்தது. சுவாமிகளோ பாடலையும் உரையாடலையும் வரையறுத்துக் ‘கோவலன்’, ‘பவளக்கொடி’, ‘சத்தியவான் சாவித்திரி’ முதலிய நாடகங்களை யாத்தளித்தார். ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலை’னையும் தமிழாக்கினார். நடிகர் அனைவரும் இப்பாடங்களை அறிந்திருந்தமையால், வெவ்வேறு ஊரினர் ஒத்திகையின்றி ஓரிரவு கூடி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’ வேரூன்றியது. வள்ளியும் நாரதரும் புரியும் தர்க்கத்தைக் கேட்கவே மக்கள் திரண்டனர்.

1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைப் பயிற்றுவித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கு உருவானவர்களே. இறுதிக் காலத்தில் பக்கவாதம் தாக்கிக் கைகால் தளர்ந்தன, பேச்சும் நின்றது. பிறர் நாவுக்குச் சொல் தந்தவர் வாய் பேசாதிருக்க, அவர் வளர்த்த சிறுவர்கள் அவருடைய சொற்களை மேடையில் முழங்கினர். 1922-இல் புதுச்சேரியில் சுவாமிகள் மறைந்தார்.

1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் தனிச் சபை கண்டனர். நம் ஒழுகினசேரி ஈன்ற கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அச்சபையில்தான் நடிகராக வளர்ந்தார். இவ்வகையில் நாஞ்சில் நாடும் சுவாமிகளுக்குக் கடமைப்பட்டதே.

சுவாமிகள் இயற்றிய நாடகங்களுள் பல இன்று கிடைத்தில. எஞ்சியவற்றுள் சில பாடல்கள் முதியோர் நினைவில் மட்டுமே வாழ்தல் கூடும். மாணவச் செல்வங்களே! மூன்றாந் தமிழை ஏட்டில் மட்டும் தேடுதல் போதாது. திருவிழாத் திடலில் ஓரிரவேனும் அமர்ந்து கேளுங்கள். உங்கள் இல்லத்துப் பெரியோர் பாடுவதை எழுதி வையுங்கள். சுவாமிகளுக்கு நாம் ஆற்றத்தக்க நன்றி அதுவே.