வெள்ளைக் கதர் கட்டிய கொடுமுடி கோகிலம்

தைப்பூசம் வந்துவிட்டால் காங்கயம், தாராபுரம் ரோட்டில் பழனிக்கு நடந்து போகிற கூட்டம் நிரம்பி வழியும். வழியிலே ஒலிபெருக்கியில் கணீரென்று ஒரு பெண் குரல். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போன முருகனை அவ்வைப் பாட்டி சமாதானம் செய்கிற பாட்டு.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் நம்ம பக்கத்துக்காரர்தான். காவிரிக்கரை கொடுமுடியில் 1908-ம் ஆண்டு பிறந்த கே.பி.சுந்தராம்பாள்.

ரெயிலில் பாட்டு

வீட்டில் வறுமை. சிறுமி சுந்தராம்பாள் ரெயிலில் பாடி, பயணிகள் கொடுத்த காசில் வயிறு கழுவினார். அந்தப் பாட்டே அவரை நாடக மேடைக்குக் கொண்டு போனது. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். பிள்ளை வேடம், பெண் வேடம், ராஜபார்ட் எல்லாம் போட்டார்.

மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாள் பாடினால் கேட்டது!

25 வயதில் விதவை

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா அந்நாளில் பெரிய நாடகப் பாடகர். இருவரும் ஜோடி சேர்ந்த "வள்ளி திருமணம்" நாடகத்துக்குக் கூட்டம் அலைமோதியது. 1927-ல் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருந்தது. மனத்தாங்கலும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2-ந் தேதி கிட்டப்பா இறந்துபோனார். அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு 25.

நகைகளைக் கழற்றினார். வெள்ளைக் கதர்ச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார்.

கதர் அவருக்குத் துக்கத்தின் அடையாளம் மட்டும் அல்ல. திருப்பூர் அப்போது பனியனுக்கு அல்ல, கதருக்குப் பேர் போன ஊர். கொடி காத்த குமரன் 1932-ல் உயிர் விட்டதும் இங்கேதான். அந்தக் காலத்தில் தீரர் சத்தியமூர்த்தியுடன் காங்கிரஸ் மேடைகளில் சுந்தராம்பாள் பாடினார். பாட்டைக் கேட்கவே ஜனம் திரண்டது. 1951-ல் மேல்சபை உறுப்பினர் ஆனார்.

ரூ.1 லட்சம் சம்பளம்

வேலையை அவர் விடவில்லை. 1935-ல் "பக்த நந்தனார்" படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ரூ.1 லட்சம். ஊரே வாயைப் பிளந்தது. அதில் அவர் போட்டது ஆண் வேடம். நந்தனாரே அவர்தான். சபதத்துக்குப் பங்கம் இல்லை!

1953-ல் எஸ்.எஸ்.வாசன் எடுத்த "அவ்வையார்" படத்தில் கிழவி வேடம். 1964-ல் "பூம்புகார்" படத்தில் கவுந்தியடிகள். 1965-ல் "திருவிளையாடல்" படத்தில் மறுபடியும் அவ்வை. எல்லாமே பக்தியும் பாட்டும் நிறைந்த வேடங்கள்.

கோவை சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த "துணைவன்" படத்தில் பாடியதற்காக 1969-ம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது வயது 60-ஐத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் தளரவில்லை. 1970-ல் பத்மஸ்ரீ பட்டம்.

1980-ல் சுந்தராம்பாள் காலமானார். ரெயிலில் காசுக்குப் பாடிய சிறுமி மேல்சபை வரை போனார். லட்சம் ரூபாய் வந்தது, பட்டம் வந்தது. வெள்ளைச் சேலை மட்டும் கடைசி வரை மாறவே இல்லை.