ஜோயி ரமோனும் 29 நிமிட இசைத்தட்டும்

ஆங்கிலத்திலே 'பங்க்' என்று ஒரு சொல் உண்டு. உதவாக்கரை, காவாலி, உருப்படாதவன் என்று நம்மூர்ப் பெரியவர்கள் இளைஞரை ஏசும்போது எப்பொருளிலே ஏசுகிறார்களோ, ஏறக்குறைய அப்பொருளிலே நெடுங்காலம் வழங்கிய சொல் அது. 1970களின் நடுப்பகுதியிலே நியூயோர்க் நகரத்து இளைஞர் சிலர் பாடத் தொடங்கிய ஒருவகை ரொக் இசைக்கு இவ்வசைமொழியே பெயராகி நிலைத்துவிட்டது. அந்தக் கதையிலே முன்வரிசையில் நிற்பவர் ஜோயி ரமோன். அவரும் அவர்தம் தோழர் மூவரும் சேர்ந்து பாடிய முதல் இசைத்தட்டு 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் வெளிவந்தது. அதிலே பதினான்கு பாடல்கள். முழுவதையும் கேட்டு முடிக்க 29 நிமிடமே செல்லும். பாடசாலையில் ஒரு பாடவேளைக்கும் குறைந்த நேரம்.

அவ்விசைத்தட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் ஓசையையுமே எடுத்துரைக்கின்றனர். நானோ அதைப் பாடியவரின் வாழ்வைச் சொல்ல விரும்புகிறேன். பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிவருபவன் நான். இந்தப் பிள்ளை ஒன்றுக்கும் உதவாது என்ற தீர்ப்பைப் பிறர் வாயிலாக எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அத்தகைய தீர்ப்புக்கு ஆளான ஒருவர் தமக்கென ஓரிடத்தை எவ்வாறு அமைத்துக்கொண்டார் என்பதற்கு ஜோயி ரமோனின் சரித்திரம் ஒரு சாட்சி.

நோயோடு பிறந்த பிள்ளை

அவருடைய இயற்பெயர் ஜெஃப்ரி ரோஸ் ஹைமன். 1951ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியிலே ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் லொறிப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். தாயார் சார்லட் ஓவியக் கலையிலே ஈடுபாடு மிக்கவர். பிற்காலத்தில் ஓர் ஓவியக் கூடத்தையும் நடத்தினார். ஜெஃப்ரி சிறுவனாயிருந்தபோதே பெற்றோர் மணவிலக்குப் பெற்றுப் பிரிந்தனர்.

பிறந்தபோதே அக்குழந்தையின் முதுகெலும்பை ஒட்டி ஒரு கட்டி இருந்தது. சத்திர சிகிச்சையால் அதனை அகற்றினர். எனினும் உடல்நலக் குறைவு வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது. வளர வளர ஆறடி ஆறங்குல உயரம், கொடிபோல் மெலிந்த உடல், மங்கிய பார்வை. முகத்தை மறைக்கும் தலைமயிரும் கறுப்புக் கண்ணாடியும் பின்னாளில் அவருடைய அடையாளங்களாயின.

உடற்பிணியிலும் கொடியதாய் மனப்பிணி ஒன்று வாய்த்தது. தொட்ட பொருளையே திரும்பத் திரும்பத் தொடவேண்டும், ஏறிய படியிலேயே இறங்கி மறுபடியும் ஏறவேண்டும் என்று உள்ளிருந்து ஒரு கட்டளை அவரை ஓயாது வருத்திற்று. 1972ஆம் ஆண்டிலே தாமாகவே சென்று மனநோய் வைத்தியசாலையிற் சேர்ந்து சிலகாலம் சிகிச்சை பெற்றார். அங்கிருந்து மீண்ட இளைஞனிடம் உலகம் பெரிதாக எதனையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலே தங்க இயலாத நாள்களில் தாயாரின் ஓவியக் கூடத்திலே படுத்துறங்கியதும் உண்டு.

அவருக்கு இருந்த ஒரே பற்றுக்கோடு வானொலி. 1960களின் பீட்டில்ஸ் குழுவினரும், ரொனெட்ஸ் போன்ற பெண்கள் குழுவினரும் பாடிய இனிய சிறு பாடல்களிலே அவர் மனம் தோய்ந்தது. பதின்மூன்று வயதளவிலேயே டிரம்ஸ் வாசிக்கப் பழகினார். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் அந்த உள்ளத்துக்கு, ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் தொழில் ஆறுதல் அளித்திருக்கும் என்பது என் ஊகம்.

நால்வரும் ஒரு பெயரும்

குவீன்ஸ் பகுதியிலே போரஸ்ட் ஹில்ஸ் என்பது நடுத்தர வகுப்பினர் வாழும் ஊர். அவ்வூர் இளைஞர் நால்வர் 1974ஆம் ஆண்டிலே ஒன்றுகூடினர். ஜோன் கமிங்ஸ் கிட்டார் வாசித்தார். அமெரிக்கப் படைவீரர் ஒருவருக்கும் ஜெர்மானிய மாதுக்கும் மகனாகி, இளமையை ஜெர்மனியிற் கழித்த டக்ளஸ் கோல்வின் பேஸ் கிட்டார் வாசித்தார். ஜெஃப்ரி டிரம்ஸ் வாசித்தார். நான்காமவரான டொமி எர்டெலி ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரிற் பிறந்தவர். நாஜிகளின் யூத சங்காரத்திலிருந்து உயிர்தப்பிய பெற்றோரின் மகன். குழுவை வழிநடத்தும் பொறுப்பை அவர் ஏற்றிருந்தார்.

பீட்டில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி ஒருகாலத்தில் தமக்குச் சூட்டிக்கொண்ட புனைபெயர் ரமோன் என்பது. அதையே நால்வரும் குடும்பப் பெயராக ஏற்று, ஜோனி, டீ டீ, ஜோயி, டொமி என்று ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் மேடையேறினர். இரத்த உறவு அவர்களிடையே இல்லை. கறுப்புத் தோற்சட்டையும் முழங்காலிற் கிழிந்த ஜீன்ஸுமே நால்வருக்கும் பொதுவான உடை.

ஜோனியின் கிட்டார் வேகத்துக்கு ஜோயியின் டிரம்ஸ் ஈடுகொடுக்கவில்லை. இதனைக் கண்ட டொமி, அவரை டிரம்ஸினின்றும் எழுப்பி முன்னே நிறுத்திப் பாடச் செய்தார். வேறு டிரம்ஸ் வாசிப்பவர் எவரும் பொருந்தாமையால் அவ்விடத்திலே தாமே அமர்ந்தார். ஓரிடத்திலே சோபிக்காத ஒருவரை விலக்கிவிடாது, அவருக்குரிய இடம் எது என்று தேடிக் கொடுத்த இச்செயலை ஆசிரியர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் நன்று. ஜோயி ரமோன் என்ற பாடகர் பிறந்தது அன்றுதான்.

1974ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் அவர்கள் சீபீஜீபீ என்னும் மதுச்சாலையிலே முதன்முறையாகப் பாடினர். நாட்டுப்புற இசைக்கென்று ஹில்லி கிரிஸ்டல் என்பவர் திறந்த இடம் அது. அமைந்திருந்ததோ வீடற்றோரும் குடிகாரரும் ஒதுங்கும் பவரி வீதியில். வந்த இசை அவர் எதிர்பார்த்த இசையன்று. ஆயினும் அவர் கதவை அடைக்கவில்லை.

ஏழு நாளில் ஓர் இசைத்தட்டு

அக்காலத்து ரொக் இசை நீண்டு பெருத்திருந்தது. ஒரு பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிறைப்பதும், கிட்டார் வித்துவான் தனியே நெடுநேரம் வித்தை காட்டுவதும் பெருமையாகக் கருதப்பட்டன. காவியம் பாடுவோர் நிறைந்த சபையிலே தனிப்பாடல் பாட எழுந்த புலவர்களாக இந்நால்வரும் வந்தனர். இரண்டு நிமிடம், மூன்று சுரக்கூட்டுகள், பாட்டு முடிந்தது.

1976ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, ரேடியோ சிற்றி இசைமண்டபக் கட்டடத்திலிருந்த ஒலிப்பதிவுக் கூடத்திலே, கிரெய்க் லியோனின் தயாரிப்பில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. செலவு 6,400 டொலர். பெருங் குழுக்கள் மாதக்கணக்கில் உழைத்துப் பெருஞ் செல்வத்தைக் கொட்டிய நாளிலே இது அற்பத் தொகை. சையர் நிறுவனம் இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு காதில் கிட்டார், மறு காதில் பேஸ் கிட்டார், நடுவே குரல் என்று பீட்டில்ஸின் ஆரம்ப இசைத்தட்டுகளைப் போல ஒலிகளைப் பிரித்துவைத்தனர். ஜோனியின் கை தந்திகளைக் கீழ்நோக்கி மட்டுமே அடித்தது. அவ்வாறு ஓயாது அடிக்க எத்துணைப் பயிற்சியும் கைவலிமையும் வேண்டும் என்பதை முயன்று பார்த்தவர் அறிவர். எளிமை என்பது திறமையின்மை அன்று என்பதற்கு இது போதிய சான்று.

அட்டையிலே பாடல்கள் குழுவின் பொதுப்பெயரிலேயே குறிக்கப்பட்டன. ஆயினும் இன்னாருடையது இன்னது என்பது பின்னர்த் தெரியவந்தது. 'பீட் ஒன் த பிராட்' ஜோயியின் பாட்டு; தம் குடியிருப்பிலே கண்ட செல்லங்கொண்ட பிள்ளைகள்மேல் எழுந்த எரிச்சல் அதில் வேடிக்கையாகிறது. 'ஜூடி இஸ் எ பங்க்' என்பதும் அவருடையதே. ஊருக்கு உதவாத இரு பெண்களின் சாகசம் அது. 'செயின் சோ' 1974இல் வந்த ஒரு பயங்கரத் திரைப்படத்திற் பிறந்தது. தெருமுனையிலே உடலை விற்று நிற்கும் இளைஞனின் அவலத்தை டீ டீ எழுதினார். ஓசைப் பெருக்கின் நடுவே, ஒரு பெண்ணிடம் காதலை இரந்து நிற்கும் மெல்லிய பாட்டொன்றை டொமி எழுதினார்.

எழுதியவர் எவராயினும் குரல் ஜோயியினது. கூச்சலிடும் குரலன்று அது. இளமையில் வானொலியிலே கேட்ட பெண்கள் குழுக்களின் கனிவும் ஏக்கமும் அதிலே ஒட்டியிருக்கின்றன. மூக்கொலி கலந்த அக்குரல் பயங்கரத்தைப் பாடும்போதும் சிரிப்பை ஒளித்துவைத்திருக்கிறது. நோயுற்றோர் தம் நோயைத் தாமே பரிகசிக்கும் சிரிப்பு அது என்று நான் கொள்கிறேன்.

கடைசிப் பாட்டும் ஒன்பது ஆண்டுகளும்

இசைத்தட்டின் இறுதிப் பாட்டைக் கடந்துபோக முடியாது. நாஜிப் படைச் சிறுவன் ஒருவனின் வாயிலாகப் பாடுவதுபோல அமைந்த பாட்டு அது. சையர் நிறுவனத்தின் தலைவர் சீமோர் ஸ்டைன் தாமும் ஒரு யூதர். அதன் சொற்களை ஆட்சேபித்தார். சில சொற்கள் மாற்றப்பட்டன. பாடியவரும் யூதர், டிரம்ஸ் வாசித்தவரும் யூதர் என்பதைக் கொண்டு, கொடியவனைக் கோமாளியாக்கும் அங்கதம் இது என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், கோடிக்கணக்கானோரின் சாம்பல்மேல் நின்று செய்யும் வேடிக்கையிலே, கேட்பவன் எப்பக்கம் நின்று சிரிக்கிறான் என்பதைப் பாடகன் அறியமாட்டான். இந்த ஐயம் எனக்கு இன்றும் தீரவில்லை.

ஜோயியின் பின்னைய செயல் ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 1985ஆம் ஆண்டு மே மாதத்திலே அமெரிக்க ஜனாதிபதி ரீகன், ஜெர்மனியின் பிட்பர்க் நகரத்துப் படைவீரர் மயானத்திற்குச் சென்று அஞ்சலி செலுத்தினார். நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் சிலரும் அங்கே புதைக்கப்பட்டிருந்தனர். இதனைக் கண்டு கொதித்த ஜோயி, டீ டீயோடும் வேறொருவரோடும் சேர்ந்து ஒரு கண்டனப் பாட்டை ஆக்கினார். அதிலே வேடிக்கை மூடி இல்லை. கோபம் கோபமாகவே நிற்கிறது. ரீகனின் ஆதரவாளரான ஜோனியின் வற்புறுத்தலால், அடுத்த ஆண்டு அப்பாட்டு இசைத்தட்டொன்றில் இடம்பெற்றபோது அதன் தலைப்பு மாற்றப்பட்டது. 1976இல் முகமூடியணிந்து பாடியவர் ஒன்பது ஆண்டுகளின் பின் முகமூடியைக் கழற்றிவைத்துப் பாடினார் என்று நான் கொள்கிறேன்.

வெற்றியும் தோல்வியும்

விற்பனைக் கணக்கின்படி பார்த்தால் அம்முதல் இசைத்தட்டுத் தோல்வியே. அமெரிக்கப் பட்டியலிலே 111ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. ஆனால், 1976 ஜூலை 4ஆம் நாள் இலண்டன் ரவுண்ட்ஹவுஸ் மண்டபத்திலே ஏறக்குறைய இரண்டாயிரம் பேர்முன் அவர்கள் பாடினார்கள். கேட்ட ஆங்கில இளைஞர் பலர், நாமும் பாடலாம் என்ற துணிவோடு வீடு திரும்பினர். சங்கீதம் முற்றக் கற்றபின்பே வாய் திறக்கவேண்டும் என்ற விதியை அந்த 29 நிமிடம் உடைத்துவிட்டது.

பலனை அவர்கள் அனுபவிக்கவில்லை. 1996 ஓகஸ்ட் 6ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த இறுதிக் கச்சேரி வரையில் 2,263 முறை மேடையேறினர். பதினான்கு இசைத்தட்டுகள் வெளியிட்டனர். பெரும் வெற்றி கைகூடவில்லை. ஜோயியின் காதலியாயிருந்த பெண் 1980களின் தொடக்கத்திலே ஜோனியின் துணைவியானார். அன்று முதல் அவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசுவது அரிதாயிற்று. ஒரே வண்டியிலே ஊர் ஊராகச் சென்று, ஒரே மேடையிலே பக்கத்திற் பக்கத்தில் நின்று, பத்தாண்டுக்கு மேலாக மௌனம் காத்தனர். ஒரு குடும்பப் பெயரைப் புனைந்து சூடியவர்கள் குடும்பப் பகையையும் சேர்த்தே பெற்றுக்கொண்டனர்.

1990களின் நடுப்பகுதியிலே ஜோயிக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. நோயோடு போராடிக்கொண்டே தனியாக ஓர் இசைத்தட்டுக்குப் பாடினார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஏறத்தாழ ஒரு மாதமிருக்க, 2001 ஏப்ரல் 15ஆம் நாள் நியூயோர்க் வைத்தியசாலையிலே காலமானார். அவ்விசைத்தட்டு மறு ஆண்டு வெளிவந்தது. உலகின் அழகை வியந்து லூயி ஆம்ஸ்ட்ரோங் முன்னர்ப் பாடிப் புகழ்பெற்ற பாட்டு அதில் முதலாவதாக நிற்கிறது. படுக்கையிற் கிடந்த நோயாளியின் தெரிவு அது.

2003இல் பவரி வீதியின் ஒரு முனைக்கு நகரத்தார் அவர் பெயரைச் சூட்டினர். இரசிகர்கள் பெயர்ப்பலகையை அடிக்கடி களவாடியமையால் அதனை எட்டா உயரத்திலே மாட்டவேண்டியதாயிற்று. 2012ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், அந்நாடு காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் அம்முதல் இசைத்தட்டைச் சேர்த்தது. ஐந்து இலட்சம் பிரதிகளுக்குரிய தங்கச் சான்று 2014இல் கிடைத்தது. 38 ஆண்டுகள் சென்றிருந்தன. டீ டீ 2002இலும் ஜோனி 2004இலும் மறைந்துவிட்டனர். எஞ்சியிருந்த டொமியும் அதே 2014 ஜூலையிலே மறைந்தார்.

ஜோயியின் நோயைப் பாட்டுக் குணப்படுத்தவில்லை. இறுதிவரை அக்கட்டளைகள் அவரை விடவில்லை. பாட்டு அவருக்கு நிற்க ஓரிடம் கொடுத்தது. வைத்தியசாலையை விட்டு வந்த இளைஞனை வேகம் போதாதவன் என்று டொமி வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அந்தக் குரலை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.