பத்து வெள்ளிப் பங்கு

பந்திங்கில் எங்கள் வீட்டு அலமாரியில் பாட்டியின் கூட்டுறவுச் சங்கப் பங்குப் பத்திரம் இன்னும் இருக்கிறது. பால்மரம் சீவிய கூலியில் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி வாங்கியது. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையைக் கடக்கும் போதெல்லாம் எனக்கு அந்தப் பத்திரம்தான் நினைவுக்கு வரும்.

துன் வீ. தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில், ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1955-இல் ம.இ.கா.வின் தலைவராகி, அவ்வாண்டே அமைச்சருமானார்.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி மறுபடியும் விற்றனர். தோட்டத் துண்டாடலில் வேலை போனால் லயத்து வீடும் போகும். ஈராயிரம் ஏக்கரில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் திக்குக்கு ஒருவராகச் சிதறினர்.

சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைத் திரட்டினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலியாக இருந்தவர் தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். இது நம் வரலாற்றில் சிறிய காரியமன்று.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. 1956-இல் அமைந்த பெல்டா மூலம் அரசாங்கம் காடு திருத்தி, நிலமற்ற கிராமத்து ஏழைகளைக் குடியேற்றியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். தோட்டங்களோ தனியார் நிலம் என்பதால் கிராம வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் தோட்ட வாசலோடு நின்றன. நம்மவர் மட்டும் தம் பிழைப்பைத் தம் கூலியிலேயே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. அந்த அமைச்சரவையில் சம்பந்தனும் இருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1973-இல் கட்சித் தலைமையை விட்ட பின்னும், 1979-இல் மறையும் வரை சங்கத்தை அவர் விடவில்லை. ஆனால் ஒரு கூட்டுறவுச் சங்கம் அரசாங்கத்தின் கடமையைச் சுமக்க முடியாது. பாட்டியின் தோட்டத்தைச் சங்கம் வாங்கவில்லை. பின்னாளில் அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்தது. பாட்டி கையில் பத்திரத்தோடு லயத்தை விட்டு வெளியேறினார்.

பட்டதாரிகளாகப் போகும் நாம் சம்பந்தனிடம் ஒற்றுமையைக் கற்போம். அவர் காலத்தில் அரசாங்கம் செய்யத் தவறியதை, நாம் உரிமையாகக் கேட்கவும் கற்போம்.